இரு கரைக்கும் இலவசச் சேவை முகாம்

புகார் சொல்ல வருகிறவரை முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். பாதிக் கோபம் நாற்காலியிலேயே இறங்கிவிடும். நீங்களும் என்னை உட்காரச் சொன்னீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். தொழில் தெரிந்த விசாரணை அதிகாரி. அதனால் உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

எங்கள் துப்பாக்கித் தொழிற்சாலையில் புகார்ப் பிரிவு என் பொறுப்பு. முன்பெல்லாம் நாங்கள் செய்தது வீட்டுத் துப்பாக்கிதான். தோட்டக்காரர்கள் பன்றி விரட்ட வாங்குவார்கள். வசதியானவர்கள் சுவரில் மாட்டிவைக்க வாங்குவார்கள். குழந்தைகள் நடமாடும் வீடு என்பதால் விசையை வேண்டுமென்றே இறுக்கமாக வைப்போம். அதை இழுக்க நல்ல தெம்பு வேண்டும். இழுப்பதற்குள் கொஞ்சம் யோசிக்கவும் நேரம் கிடைக்கும். எங்கள் பிரிவில் ஒரே விதிதான்: பேசாத வாடிக்கையாளர் திருப்தியான வாடிக்கையாளர்.

பிறகு சட்டம் கெடுபிடியானது, விற்பனை படுத்துவிட்டது, கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். இனி ராணுவத்துக்கு விற்பதென்று முதலாளி முடிவு செய்தார். கொள்முதல் அதிகாரி ஒருவர் வந்தார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இது எந்தச் சண்டைல ஓடியிருக்கு?"

"எதுலயும் இல்லீங்க," என்றார் முதலாளி.

"அப்புறம் எப்படிங்க வாங்குறது? சண்டை பார்க்காத துப்பாக்கிய எங்க ஆளுங்க தொடமாட்டாங்க."

அவர் போனதும் முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "துப்பாக்கிக்கு முன் அனுபவம் கேக்குறாங்கய்யா," என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. என் குடும்பமும்தான்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் ஒரு வாய்க்காலின் இக்கரையில் இருக்கிறது. மதகை யார் திறப்பது என்று கோடைதோறும் அக்கரைக்காரர்களோடு தகராறு. காது கூசத் திட்டிக்கொள்வார்கள், கல்லெறிவார்கள். கல் தீர்ந்ததும் சண்டையும் தீர்ந்துவிடும். மண்டை உடைந்தவர்கள் இரண்டு ஊருக்கும் இருக்கிற ஒரே மருத்துவரிடம் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தையல் போட்டுக்கொள்வார்கள். சிறியதென்றாலும் அதுவும் சண்டைதானே.

மாதிரித் துப்பாக்கிகளை இரண்டு கரைக்கும் இலவசமாகக் கொடுத்தேன். இதில் ஓரவஞ்சனை எதுவும் செய்யவில்லை. தங்கை இருக்கும் கரை என்று ஒன்றுகூடக் கூடுதலாகத் தரவில்லை. தங்கையின் கணவர் மட்டும் என்னைத் தனியாக அழைத்தார்.

"என்ன மச்சான், எதிர்க்கரைக்கும் குடுத்திருக்கீங்களாமே?"

"அவங்களும் கஸ்டமருங்கதான், மாப்பிள்ளை."

நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர்.

அந்தக் கோடையில் இரண்டு கரையும் துப்பாக்கியோடு வந்து நின்றன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. விசை அவ்வளவு இறுக்கம். விரல் வீங்க இழுத்திருக்கிறார்கள். எதிரே நிற்பவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதைப் பார்த்து யாரோ சிரிக்க, அது மற்றவர்களையும் தொற்றிக்கொண்டதாம். கடைசியில் எல்லோரும் சேர்ந்தே மதகைத் திறந்தார்களாம். இப்படி ஒரு கோடையை அந்த ஊரில் பார்த்ததே இல்லை என்று தங்கை தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் இரண்டு கரையிலிருந்தும் புகார் வந்துவிட்டது. "ட்ரிக்கர் இறுகுதுங்க" என்றார்கள். புகார் என்று வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. கருவிப்பெட்டியோடு நானே போனேன். காலையில் இக்கரைப் பள்ளிக்கூடத்தில் முகாம், மதியம் அக்கரையில். ஒவ்வொரு விசையையும் என் கையாலேயே இளக்கி, எண்ணெய் விட்டு, ஒரு குழந்தையின் விரலுக்குக்கூட இசைகிற மாதிரி ஆக்கிக்கொடுத்தேன். கல் தீர்வதைப் போலக் குண்டு தீர்ந்துவிடாமலும் பார்த்துக்கொண்டேன். ஆமாம், அந்தக் கல்லெறிச் சண்டையைத் துப்பாக்கிச் சண்டையாக ஆக்கியது நான்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

சில நாட்களில் தங்கை அழைத்தாள்.

"அண்ணா, அவரைச் சுட்டுட்டாங்கண்ணா. சண்டைக்குக்கூட போகல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

புகார் கேட்கும்போது நான் எழுந்து நிற்பது வழக்கம். அப்போதும் நின்றுகொண்டுதான் கேட்டேன். எனக்கும் அழுகை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"துப்பாக்கி எதுவும் மக்கர் பண்ணலையேம்மா?"



"இல்லண்ணா," என்றாள்.

கொள்முதல் அதிகாரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். முதலாளி என்னைக் கட்டிக்கொண்டு கண்கலங்கினார். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. பழுதாகித் திரும்பி வருகிற துப்பாக்கிகளைத்தான் எங்கள் பிரிவு எண்ணும். ஒன்றுகூட வரவில்லை. அவற்றுக்கு எதிரே நின்றவர்களிடமிருந்தும் இதுவரை ஒரு புகார் இல்லை.

தங்கை அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளும் திருப்தியாகத்தான் இருக்கிறாள்.