நாற்பத்தேழு படங்களும் ஒரு வலது கையும்

(சங்கரன்கோவில் சித்திர ரசிகர் மன்றம் 1979-இல் நடத்திய பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற வந்த ஓவியர் பெத்துராஜ் ஆற்றிய ஏற்புரை)

கண்ட படத்தையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கருணை உள்ளம் படைத்த மன்றத் தலைவர், ஜவுளிக்கடை வேல்சாமி அண்ணாச்சி அவர்களே! எட்டாண்டு காலம் விமர்சனக் கூட்டம் நடத்தி, ஒரு குறையைக்கூடக் குறிப்பேட்டில் ஏற விடாமல் காத்து நின்ற செயலாளர் ஆறுமுகச்சாமி அவர்களே! முன்வரிசை நாற்காலிகளில் முழங்கையோடு முழங்கை மோத அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு என் சத்தத்தைக் கேட்க வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் கூடையுமாக நிற்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, நான் மேடையேறிய நேரம் முதல் என்னை முறைத்துக்கொண்டே இருக்கும் மேலநீலிதநல்லூர் கோமதித்தாய் அவர்களே! பென்சிலைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத பெத்துராஜின் பணிவான கும்பிடு!

எனக்கு முன்னால் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் என் படங்களைத் ‘தத்ரூபம்’ என்றார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபத்தொரு முறை வந்தது. தலைவர் இன்னும் ஒரு படி ஏறி, ‘பெத்துராஜ் போட்ட படம் பேசும்’ என்றார். அண்ணாச்சி, அது பேசாத வரைக்கும்தான் எனக்கு நல்லது. பேசியிருந்தால் இந்த ஊரில் நாற்பத்தேழு வீட்டுச் சுவர்களிலிருந்து எனக்கு ஏச்சு விழுந்திருக்கும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முடிக்கும்போதும் சிரிக்கிறீர்களா என்று பார்க்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் சின்னஞ்சிறு புகைப்படத்தைக் கொண்டுவருவீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் அதைப் பெரிதாக்கிப் பென்சிலில் வரைந்து கொடுக்க வேண்டும். புகைப்படத்தில் இருப்பது தலை மட்டும். உடம்புக்கு எங்கே போவேன்? எட்டாண்டுக்கு முன் ஒரே ஒரு உடம்பைக் கண்டுபிடித்தேன். வெல்வெட் நாற்காலி, வெள்ளைச் சட்டை, முழங்கால் மீது வைத்த இரண்டு கைகள். அந்த உடம்பைத்தான் எல்லாருக்கும் கொடுத்தேன். ஒல்லியாக வாழ்ந்தவருக்கும் அதுதான், ஒய்யாரத் தொந்தியோடு வாழ்ந்தவருக்கும் அதுதான். உயிரோடு இருந்தவரை நாற்காலியே காணாதவர்களை எல்லாம் வெல்வெட்டில் உட்கார வைத்தேன்!

யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? இல்லை! பொன்னாடை போட்டீர்கள்.

மாதந்தோறும் மன்றத்தில் விமர்சனக் கூட்டம் கூடினோம். கூடி என்ன சொன்னோம்? போன ஆடித்தபசு மாதக் குறிப்பேட்டை வாசிக்கிறேன்: ‘படம் அருமை. சட்டம் சற்றே பெரிதாக இருக்கலாம். காபி வழங்கப்பட்டது.’ எட்டாண்டு விமர்சனத்தின் சாரம் இவ்வளவுதான்! தலைவர் மட்டும் ஒரே ஓர் ஆலோசனை தந்தார். “ஏ பெத்துராஜ், செத்தவுகள எதுக்குவே கருப்பாப் போடுத? கொஞ்சம் செவப்பாப் போடு. பாக்கவுங்களுக்குச் சந்தோசமா இருக்கும்லா” என்றார். நான் ஷேடிங்கைக் குறைத்தேன். அன்று முதல் சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் காலமானாலும் என் கையில் வெளுத்துத்தான் போனார்கள்.

இப்படியே போயிருக்கும். சென்ற ஆண்டு கோமதித்தாயின் கணவர், கிணறு வெட்டுவதில் கைதேர்ந்த பெருமாள்சாமி காலமானார். பதினாறாம் நாள். படத்துக்கு மாலை போட்டாயிற்று. வந்தவர்கள் வழக்கம்போலத் ‘தத்ரூபம்’ சொல்லியாயிற்று. அந்த அம்மாள் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மாலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“ஏய்யா, இவுகளுக்கு ரெண்டும் எடது கையால்லா இருக்கு. எனக்குத் தாலி கட்டுன கை எங்கய்யா?”

‘துக்கத்துல என்னமோ பேசுதா, விடுங்க’ என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நான் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது உண்மை.

பெரியோர்களே, எல்லாரும் வலது கையை வலது முழங்கால் மேல் கவிழ்த்து வையுங்கள். வையுங்கள் அண்ணாச்சி, நீங்களும்தான்! கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்பக்கம். என் படத்தில் வெளிப்பக்கம்! ஏன்? நான் வலது கையால் வரைகிறவன். மாதிரிக்குப் பார்க்க மிச்சம் இருந்தது என் இடது கை ஒன்றுதான். அதையே பார்த்து இடது கையை வரைந்தேன். அதையே பார்த்து வலது கையையும் வரைந்தேன். நாற்பத்தேழு பேர், ஐயா! நாற்பத்தேழு பேரை இரண்டு இடது கையோடு மேலுலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே போய் அவர்கள் எந்தக் கையால் சோறு உண்பார்கள்? எந்தக் கையால் ஆசி தருவார்கள்?

என்ன, அங்கே பின்னால் இரண்டு பேர் எழுந்து ஓடுகிறார்கள்? வீட்டுப் படத்தைப் பார்க்கவா? போய்ப் பாருங்கள். கட்டைவிரல் வெளியேதான் இருக்கும்!

நான் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். வரும் வழியில் பஜாரில் தையற்கடை அப்துல் ஜப்பார் பாய் பார்த்தார். இந்த ஊரில் யார் தோள் இறங்கியது, யார் முதுகு கூனியது என்பது அவருடைய டேப்புக்குத்தான் தெரியும். படத்தை மிஷின் மீது சாய்த்து வைத்தார். ‘பாய், குறை இருந்தால் சொல்லுங்கள்’ என்றேன். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“குறையா? எங்கன இருந்து தொடங்க?” என்றார் பாய். “இங்கன சட்டையில மடிப்பு விழுந்திருக்கு. மடிப்பு விழுந்தா உள்ள முழங்கை இருக்கணும்லா? முழங்கை எங்கன போச்சு? மூக்கு நிழலு இந்தப் பக்கம் விழுது, காலரு நிழலு அந்தப் பக்கம் விழுது. உங்க ஊர்ல ரெண்டு சூரியனா வே? சட்டை நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் ஆளு இல்ல.”

எட்டாண்டு விமர்சனக் கூட்டம் எனக்குக் கற்றுத் தராததை, அந்த மனிதர் காஜா எடுத்துக்கொண்டே கற்றுத் தந்தார்! எனக்குக் கோபம் வரவில்லையா? வந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். ‘தோளைத் தொட்டுப் பாரும் வே, எலும்பு எங்க முடியுதுன்னு தெரியும்’ என்று தன் தோளையே காட்டினார். தொட்டுப் பார்த்தேன். நிழலுக்கு உள்ளே எலும்பு இருக்கிறது என்று என் விரலுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு கையை வரைந்துகொண்டு மேலநீலிதநல்லூருக்குப் போனேன். கோமதித்தாய் பார்த்தார். “இது கணக்கப்பிள்ள கை. அவுக கடப்பாரை பிடிச்சவுக” என்றார். திரும்பி வந்தேன். மறுபடி வரைந்தேன். “நடுவெரலு இப்படி நேரா இருக்காது. கல்லு விழுந்து வளைஞ்சது” என்றார். மறுபடி வரைந்தேன். “நரம்பு எங்க?” என்றார். மறுபடி வரைந்தேன். “இன்னுங் கருப்பு” என்றார். ஹெச்.பி. பென்சிலை விட்டு ஆறு-பி பென்சிலுக்கு வந்தேன். ஏழு முறை பஸ் ஏறினேன். ஏழு முறை படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு முறைகூட அவர் என்னைப் பாராட்டவில்லை. ஒரு முறைகூட ‘இனி வராதே’ என்று சொல்லவும் இல்லை. என் கை திருந்தியது அங்கேதான், அன்பர்களே! அந்த வாசலில்தான்!

இதோ, என் முதுகுக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்பது எட்டாவது படம். தலைவர் அவர்களே, ‘சித்திரச் சிகரம்’ என்ற பட்டத்தைத் தயவுசெய்து கையிலேயே வைத்திருங்கள். அந்த அம்மாள் பார்த்துச் சரி என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் எனக்கு அது வேண்டாம்.

தாயே, மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் ஐயா. படி பார்த்து வாருங்கள். ஆறுமுகச்சாமி, துணியை எடுங்கள்.

அமைதி. அமைதி. பார்த்துக்கொண்டிருக்கிறார்… கையைத் தொடுகிறார்… வளைந்த நடுவிரலைத் தொடுகிறார்… என்ன தாயே? மைக்கில் விழவில்லை. நானே சொல்கிறேன். “கை அவுக கைதான்” என்கிறார்!

பொறுங்கள், பொறுங்கள்! கைதட்டாதீர்கள். அண்ணாச்சி, பொன்னாடையை விரிக்காதீர்கள். இன்னும் ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் தாயே.

“மொகந்தான் யாருன்னு தெரியல. அவுக நல்ல கருப்புல்லா! இது யாரு, எவனோ பட்டணத்து ஆளு?”

கேட்டீர்களா? கையை அவர் சொன்னபடி கருப்பாக்கினேன். முகத்தைத் தலைவர் சொன்னபடி விட்டுவிட்டேன்! எட்டு முறை வரைந்தும் முகத்தை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்? அதைத்தான் எல்லாரும் தத்ரூபம் என்று சொல்லிவிட்டீர்களே!

செயலாளர் அவர்களே, குறிப்பேட்டை எடுங்கள். இன்று தேதி போட்டு எழுதுங்கள்: ‘மன்றத்தின் முதல் விமர்சனம். கூறியவர், கோமதித்தாய்.’ காபி கொடுத்ததைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பொன்னாடையை அந்தத் தாயின் தோளில் போடுங்கள். நாற்பத்தேழு வீட்டாரும் படத்தைக் கொண்டுவாருங்கள். வரும்போது வாய் நிறையக் குறையும் கொண்டுவாருங்கள். முறைத்த கண்களுக்கும், தையற்கடை நாக்குக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கும் என் நன்றி. விடைபெறவில்லை, இங்கேயே உட்காருகிறேன். அந்த ஆறு-பி பென்சிலை எடுங்கள். தாயே, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நெற்றியிலிருந்து தொடங்கட்டுமா?