ஆணியில் மாட்டக் கூடாத மடல்

கோபாலபுரத்துப் பள்ளியில் வரலாறு கற்பித்து, 1998 மே மாதம் பணி நிறைவு பெறும் ஆசிரியை திருமதி ஜெசிந்தா அவர்களுக்கு உடன் பணியாற்றுவோர் வாசித்தளிப்பது

கடலோரக் குப்பத்தில் பிறந்து கரும்பலகையை ஆண்ட கண்ணியமே! பகடை ஒன்றால் பாடத்தைப் படகேற்றிய பெருந்தகையே! வணக்கம்.

"கரை சேர்" விளையாட்டைப் பற்றி இம்மடலில் ஒரு சொல்லும் வரக் கூடாதென்று நிர்வாகம் நேற்றுக் கட்டளையிட்டது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அந்த விளையாட்டில், கொட்டாவி விட்ட பிள்ளைகளை மாலுமிகளாகவும் வணிகராகவும் கொள்ளையராகவும் ஆக்கினீர்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் அந்தந்த ஆளாகவே மாறிப் பேச, பகடை விழுந்தபடி புயலும் பிழைப்பும் முடிவாக, மணியடித்தும் வகுப்பு எழ மறுத்தது! விதிகளை நீங்களே எழுதி, சைக்ளோஸ்டைலில் படியெடுத்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தீர்கள். அப்படி வாங்கிப்போன கோட்டூர்புரத்துப் பிள்ளைகள் படகை ஆட்டோவாக்கி, புயலைப் போக்குவரத்துப் போலீசாக்கியபோது நாங்கள் பதறினோம். நீங்களோ அதுதான் மேல் என்று வகுப்பிலேயே ஆடிக் காட்டினீர்கள்.

பிறகு வந்தது தி.நகர் பொம்மை நிறுவனம் ஒன்று. விதிகள் தனக்கே சொந்தமாக வேண்டும், வேறெவரும் படியெடுக்கவோ மாற்றவோ கூடாது என்றது. நிர்வாகம் தலையாட்டியது, ஒப்பந்தத்தை உங்கள் முன் நீட்டியது. சினம் வந்தால் மட்டும் உங்கள் நாவில் ஏறும் குப்பத்துத் தமிழில் கேட்டீர்கள்: "இன்னா சார், கதை சொல்றதுக்கு லைசன்ஸா? புள்ளைங்க ஆடிக்கினு கீதுங்க, அத்த நான் புடுங்கணுமா? கையெழுத்துப் போட மாட்டேன், போ!" நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள்.

அஞ்சாத நெஞ்சே! அந்த வாரமே விதிகளின் அடியில் நீங்கள் சேர்த்தது இது: "இவற்றை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை இன்னொருவர் மாற்றுவதைத் தடுக்கக் கூடாது."

நீங்கள் படியிறங்கியதும் அந்த வரியை அழித்து, விதிகளை விற்றுவிடலாமென்று நிர்வாகம் காத்திருக்கிறது. காத்திருக்கட்டும்! விதிகள் முழுவதையும், அந்த அனுமதியையும், இம்மடலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். இவ்வரங்கில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு படி இருக்கிறது. நிர்வாகத்தார் அமர்ந்திருக்கும் நாற்காலிகளிலும்தான்!

வழக்கப்படி கண்ணாடி போட்டு மாட்டினால் பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே மாட்டாதீர்கள், டீச்சர். கை மாறி மாறிக் கிழியட்டும். கிழிந்தால் மறுபடி அச்சிடுவோம்.

நோயின்றி, குரல் மங்காமல், நெடுங்காலம் கதை சொல்லுங்கள். ஆட நாங்கள் வருகிறோம்.

அன்று அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தீர்கள்; இன்று உங்கள் பக்கம் நின்று இம்மடலில் நாங்கள் போடுகிறோம்:

சங்கரன், பொன்ராஜ், ஸ்ரீரஞ்சனி, அக்பர் பாஷா, மற்றும் ஒருவர் விடாமல் எல்லோரும்.