இடப்பக்கத்து இருக்கை

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்டைப் பார்க்கிறார்கள். அது சரியான முறையன்று. முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து டயர்களின் உட்புறம். பிறகு ஏறி அமர்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். நல்ல பிரேக் கல்லைப்போல நிற்கும். கெட்ட பிரேக் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கும், ஈர மண்ணில் பாதம் புதைவதைப்போல.

இவற்றையெல்லாம் நான் அறிந்தது என் கணவர் விஸ்வலிங்கத்தின் மூலம். விபத்தில் சிதைந்த வண்டிகளைப் பார்வையிட்டுக் காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவது அவர் தொழில். அவருக்கு வண்டி தெரியும். வாக்கியம் எழுதத் தெரியாது. அவருடைய அறிக்கைகளைத் திருத்தித் தட்டச்சு செய்தவள் நான். எந்தப் பழுது எப்படிப்பட்ட சாவைக் கொண்டுவரும் என்பதை அவர் காலமாவதற்கு முன்பே அவரைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடிந்தது.

இன்ஸ்பெக்டர் கபிலன், நான் இங்கே வந்ததற்குக் காரணம் உங்கள் அறிக்கையில் இருக்கும் ஒரு தவறு. வண்டியை விற்ற சாதிக், பிரேக்கின் பழுதை மறைத்து விற்றதாகச் சொல்லி அவரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். சாதிக் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜுருவில் இருக்கும் அவருடைய பழைய வண்டிக் கடைக்கு நான் தனியாகத்தான் போனேன். முதலில் ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார்.

“ஒரே ஓனர்மா. சீன வாத்தியார் ஒருத்தர் வச்சிருந்தாரு. மழை வந்தா வண்டிய எடுக்கமாட்டாரு, பஸ்ல போவாரு.”

முழுவதும் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. எனவே அதை விட்டுவிட்டுப் பின்வரிசையில் நின்ற சாம்பல் நிற வண்டியைத் திறக்கச் சொன்னேன். இருவர் மட்டும் அமரக்கூடியது. பிரேக்கை மிதித்தேன். கால் மெல்ல இறங்கியது.

“அது வேணாம்மா. நேத்துதான் வந்துச்சு. பிரேக் பம்பு போயிருச்சு, மாத்தணும்.”

“ஓடுமா?”

“வெறும் வண்டின்னா ஓடும். லோடு போட்டு மலை எறங்கினா அல்லாதான் காப்பாத்தணும்.”

அடுத்து இருக்கை பெல்ட்டுகளைச் சோதித்தேன். இடப்பக்கத்து பெல்ட்டைச் சடாரென்று இழுத்தேன், இறுகப் பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தேன், விடவில்லை. ஓட்டுநர் பக்கத்து பெல்ட் மாட்டும்போது சத்தம் கொடுத்தது, ஆனால் வெட்டி இழுத்ததும் கழன்று கையோடு வந்தது.

சாதிக் சிரித்தார். “அம்மா டீச்சரா? என் வீட்டுக்காரிகூட என்னை இப்படிச் செக் பண்ணதில்ல. ரெண்டு நாள் குடுங்க, பம்பு, பெல்ட் எல்லாம் மாத்தித் தரேன்.”

“வேணாம். எங்க மெக்கானிக் இருக்கார். அவர் மாத்திக்குவார்.”

அவர் தயங்கினார். ஆனால் என் நரைத்த கொண்டையையும் கஞ்சி போட்ட சேலையையும் பார்ப்பவர்கள் என்னை நம்பிவிடுவது வழக்கம். சாவியைக் கொடுக்கும்போதும் சொன்னார்: “பம்பு மாத்தாம லோடு ஏத்திடாதீங்கம்மா. மறந்துடப் போறீங்க.”

“நான் எதையும் மறக்கிறதில்ல” என்றேன். அது பொய்யன்று.

வண்டியை வாங்கியது என் மருமகன் கிஷனுக்காக. பாலிக் பூலாவ் தோட்டங்களில் முள் நிறைந்த டுரியான் பழங்களை ஏற்றி, மலைப்பாதை வழியாக ஆயர் ஈத்தாமுக்குக் கொண்டுவந்து விற்பவன் அவன். உழைப்பாளி. கோபம் வந்தால் கைநீட்டுவான். கல்யாணமான புதிதில் என் மகள் தர்ஷிகாவுக்கு முன்பல் ஒன்று போயிற்று. பிறகொரு நாள் அவளுடைய இடது சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு கோணலாகவே கூடியது. சென்ற பருவத்தில், பழம் அழுகிவிட்டது என்பதற்காக, காம்போடு ஒரு டுரியானைத் தூக்கி அவள் முதுகில் அடித்தான். முட்கள் இறங்கிய புண்களுக்கு நான்தான் மருந்து வைத்தேன். வரிசை வரிசையாக, மிகவும் ஒழுங்காக இருந்தன.

அன்று அவள் குப்புறப் படுத்தபடியே சொன்னாள். “அம்மா, நான் இனிமே அங்க போகமாட்டேன்லா. போலீஸ்ல ரிப்போர்ட் போடலாம். டிவோர்ஸ் வாங்கிடலாம்மா. நான் வேலைக்குப் போறேன்.”

நான் அவளுக்குச் சோறு போட்டு, தலை பின்னிவிட்டுத் திருப்பி அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் விவாகரத்து ஆனவர் ஒருவரும் இல்லை. விதவைகள் இருக்கிறார்கள், நானே ஒருத்தி. கோயிலில் விதவையைக் கண்டால் உறவினர்கள் அருகில் வந்து நலம் விசாரிக்கிறார்கள். மற்றவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்களுக்குள் பேசுகிறார்கள். என் மகளைப் பற்றி யாரும் தாழ்ந்த குரலில் பேசுவதை நான் விரும்பவில்லை. ஆகவே, அவளை விதவையாக்குவதென்று முடிவு செய்தேன்.

சிந்தித்துத்தான் செய்தேன். கிஷன் வண்டி தாங்குவதற்கு மேல் பாரம் ஏற்றுவான். மலை இறக்கத்தில் வேகமாக வருவான். போலீஸைக் கண்டால் மட்டும் பெல்ட்டை மாட்டுவான். சில நாட்களில் தர்ஷிகாவும் உடன் வருவாள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இடப்பக்கத்து இருக்கையை அத்தனை கவனமாகச் சோதித்தேன். அவளுக்குக் காயங்கள் ஏற்படலாம். அவளுக்குக் காயங்கள் பழக்கம்தான்.

கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கிஷன் என் காலைத் தொட்டான். “என்னைப் பெத்தவங்ககூட இப்படிச் செஞ்சதில்ல அத்தை” என்றான். மனைவியைப் பார்த்து, “பாத்தியா, உங்கம்மாவுக்கு உன்னவிட என்னைத்தான் புடிக்கும்” என்றான். நான், “நல்லா இரு” என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை.

தர்ஷிகாவைத் தனியே அழைத்துச் சொன்னேன்: “வண்டியில நீ எப்பவும் இடப்பக்கம்தான் உக்காரணும். பெல்ட்ட இறுக்கமாப் போடு.”

“ஸ்டியரிங்கத் தொட அவரு விட்டாத்தானே” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், அந்தப் பல்லுக்காக.

டுரியான் பருவம் தொடங்கும்வரை காத்திருந்தேன். அதுவரை வண்டி சிறிய பாரங்களோடு ஓடியது. பிறகு ஒரு காலையில் அவள் தோட்டத்திலிருந்து போன் செய்தாள்.

“அம்மா, இன்னிக்கு நான்தான் டிரைவர்.”

“ஏன்?”

“நேத்து அடிக்க வந்தாரு. நான் தலையச் சாய்ச்சிட்டேன். செவத்துல குத்திக் கை ஒடஞ்சிருச்சு. மாவுக்கட்டு போட்டு, பெல்ட் மாட்டி, ராஜா மாதிரி இந்தப் பக்கம் உக்கார வச்சிருக்கேன்.” வாயை மூடாத சிரிப்பு அது, சத்தத்திலேயே தெரிந்தது. “ஃபுல் லோடும்மா. இப்பதான் எறங்கப் போறோம்.”

“போன வச்சிட்டு ரோட்டப் பாருடி” என்று கிஷனின் குரல் கேட்டது.

இந்த இடத்தைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் ஏன் என்று அவள் கேட்பாள். அவன் பக்கத்திலேயே இருந்தான், அவனும் கேட்பான். பிரேக்கின் பழுது எனக்கு எப்படித் தெரியும், தெரிந்தும் ஏன் வாங்கிக் கொடுத்தேன் என்ற கேள்விகள் வரும். அவற்றுக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. ஒழுங்கான பதில் இல்லாத இடத்தில் நான் வாய் திறப்பதில்லை.

“லைசென்ஸ் எடுத்துட்டு வந்தியா?” என்று கேட்டேன்.

“எடுத்துட்டேன்மா.”

“மெதுவாப் போ” என்றேன்.

போனை வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை உள்ளே எடுத்து வந்து மடித்தேன்.

மூன்றாவது வளைவில் பிரேக் முழுவதும் இறங்கிவிட்டதாக உங்கள் அறிக்கை சொல்கிறது. அந்தப் பகுதி சரி. வண்டி பாறையில் மோதியது. பெல்ட் கழன்று அவள் ஸ்டியரிங்கின் மேல் போய் விழுந்தாள். அடுத்த கணம் பின்கண்ணாடி உடைந்து, அத்தனை பழங்களும் முன்னால் பாய்ந்தன. சாகும் முன் கொஞ்ச நேரம் அவளுக்கு நினைவு இருந்ததாகக் கிஷன் சொல்கிறான். மருத்துவமனையில் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்னார்கள். முகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கோணலான சுண்டுவிரலைப் பார்த்துச் சொன்னேன். அந்த விதத்தில் அது பயன்பட்டது.

கிஷனுக்கு ஒரு விலா எலும்பு முறிந்ததோடு சரி. நான் சோதித்த பெல்ட் அவனைப் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பற்றிய என் மதிப்பீட்டில் எந்தப் பிழையும் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உட்கார வேண்டிய இடத்தில் அவர்கள் உட்காரவில்லை, அவ்வளவுதான். நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

சாதிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பெயர் இருக்கும் இடத்தில் வள்ளிநாயகி விஸ்வலிங்கம் என்று எழுதுங்கள். இரண்டு சொற்களுக்கும் இடையில் இடைவெளி விட வேண்டும்.

இறுதிச் சடங்கு குறைவின்றி நடந்தது. கணவன் இருக்கும்போதே போனவள் என்பதால் கூறைச்சேலை போர்த்தி, பூ வைத்தார்கள். நெற்றி இல்லாததால் குங்குமத்தை மூடிய துணியின்மேல் வைத்தார்கள். உறவினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் விவாகரத்து ஆனவர் இன்றும் ஒருவரும் இல்லை.