அம்மாவைத் தூக்கும் அளவுக்கு

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, தீயணைப்புத் துறையின் பயிற்சி மைதானத்தில் நடந்த உடற்தகுதித் தேர்வில், ஏணியின் பாதிக்கு மேல் ஏறியிருந்த ஒரு பெண் கீழே விழுந்தாள். தோளில் மணல் மூட்டை இருந்தது. அவள் என் தங்கை.

உடற்பயிற்சி செய்கிறவர்கள் எல்லோரும் புரோட்டீனைப் பற்றித்தான் கேட்பார்கள். மாவுச்சத்தை யாரும் மதிப்பதில்லை. ஜிம் வாசலில் பவுடர் டப்பாக்கள் விற்கும் கவுன்ட்டரில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்வேன். கிழிந்த தசையைத் தைப்பது புரோட்டீன். தைக்கிற ஆளுக்குச் சாப்பாடு போடுவது மாவுச்சத்து. ரொம்ப நேரம் ஓடி, ஏறி, சுமந்தால் உடம்பு தன் சேமிப்பை வழித்துச் செலவழித்துவிடும். பயிற்சி முடிந்த கையோடு ஒரு பங்கு புரோட்டீனும் மூன்று பங்கு மாவுச்சத்தும் உள்ளே போனால் மறுநாள் கால் எழும். போகாவிட்டால், தொடர்ந்து போகாமலே இருந்தால், உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். பையன்கள் எனக்கு 'டப்பா டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் ஏமாற்றியதில்லை.

மைதானத்தில் மெத்தை தள்ளி விரிக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்கு வந்த நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் துறையின் தவறு. என்னுடையதை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டு டப்பாக்களை எடுத்துப் போய்ச் சோதித்தீர்கள். ஊக்கமருந்து இல்லை, விஷம் இல்லை. தங்கைக்குத் தினமும் கொடுத்த பானத்தில் என்ன கலந்தீர்கள் என்று என்னைக் கேட்டீர்கள். என்ன கலக்கவில்லை என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்குப் பக்கவாதம், இடது பக்கம் வேலை செய்யாது, கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. உட்கார்ந்தே என் முதுகு போய்விட்டது. தங்கைதான் தூக்குவாள். குட்டி என்று கூப்பிடுவோம், என்னைவிட ஒரு தலை உயரம். "குட்டி தூக்கினா ஊஞ்சல்ல போற மாதிரி இருக்கு. நீ தூக்கினா லாரியிலேர்ந்து மூட்டை எறக்குற மாதிரி இருக்குடி" என்பாள் அம்மா. மூன்று பேரும் சிரிப்போம்.

தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் குட்டி என்னிடம் சொன்னாள்.

"பாஸானா அங்கயே தங்கணும்க்கா. பயிற்சி முடிஞ்சதும் எந்த ஊர்ல போடுறாங்களோ, அங்க போகணும்."

"அம்மா?"

"அதான் நீ இருக்கியே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வீட்டில் சுவர் இருப்பதுபோல நானும் இருந்தேன். யாரும் சுவரைக் கேட்டுக்கொண்டு வெளியே போவதில்லை. நானும் மறுக்கவில்லை. "பயிற்சி முடிஞ்சு வந்ததும் குடிக்க நான் கலந்து தர்றேன்" என்றேன். அவள் என்னை இடுப்போடு கட்டித் தரையிலிருந்து தூக்கிவிட்டாள்.

மாவுச்சத்து டப்பாவைக் காலி செய்து, குழகுழப்பைக் கொடுக்கும் பசைப்பொடியும் சர்க்கரை இல்லாத இனிப்பும் நிரப்பினேன். குடித்தால் தித்திக்கும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்புக்கு ஒன்றும் சேராது. புரோட்டீனைப் பாதியாக்கினேன். ராத்திரி சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் வேண்டாம், ஏணியில் உடம்பு கனக்கும் என்று சொன்னேன். தொழில் தெரிந்தவள் சொன்னால் கேட்பார்கள்.

"என்னக்கா, சுவத்துக்குப் பூசுறதையெல்லாம் கலந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடிப்பாள்.

அவளைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு அளவை நினைத்தேன், அவ்வளவுதான். ஏணி ஏறும் அளவுக்கு வேண்டாம்; அம்மாவைத் தூக்கும் அளவுக்குப் போதும். தினமும் காலையில் அவள் அம்மாவைத் தூக்கும்போது சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். அம்மாவின் கால் தரையில் உரசினால், அன்று மாலை நல்ல பவுடரில் ஒரு கரண்டி சேர்ப்பேன். சிரித்துப் பேசிக்கொண்டே தூக்கினால் நிறுத்திவிடுவேன். இதற்கு மிகுந்த கவனம் வேண்டும். என் அளவுக்கு அவளைக் கவனித்தவர்கள் வேறு யாருமில்லை.

முடி கொட்டியது. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பிறகு மாதவிலக்கு நின்றது. "நல்லதாப் போச்சுக்கா, தேர்வு நேரத்துல தொல்லை இல்ல" என்றாள். பட்டினி கிடக்கும் பெண்ணுடம்பு முதலில் மூடும் கதவு அது. அடுத்து எலும்பு. எனக்குத் தெரியும், கவுன்ட்டரில் இதைச் சொல்லி எத்தனையோ பெண்களை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். "ஆமா, நல்லதுதான்" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றாள். தைலம் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

"எனக்கு இது ஒத்து வராதோ?"

'விட்டுடு' என்று நான் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அது வரட்டும் என்று காத்திருந்தேன். பலவீனமானவர்கள் விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. கவுன்ட்டரில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். குட்டி, பலவீனமாகிறோம் என்று தெரிந்ததும் இன்னொரு மூட்டையைச் சேர்த்துக்கொண்டாள். நான் தவறியது அந்த ஓர் இடத்தில்தான்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் ஒரு எலும்பு உண்டு. அதில் பழைய விரிசல் இருந்தது என்று எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஏணியில் அது முறிந்திருக்கிறது. முதுகுத்தண்டு கீழே விழுந்ததில் போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்றார்.

வார்டில் குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கக்கா. நீ அவ்வளவு பாத்துப் பாத்துக் குடுத்த. என் உடம்புதான் சரியில்ல."

நான் அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளைக் குளிப்பாட்டப்போவது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். என்னைக் கூட்டிப்போவதாக இருந்தால், அந்த இரண்டு பேரையும் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு முன்பே நான் அதை யோசித்துப் பார்த்தாயிற்று. யாரும் இல்லை.

குட்டி இப்போது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். சாயங்காலம் நான் முதுகுக்கும் கைக்கும் பயிற்சி செய்கிறேன். முடிந்ததும் ஒரு பங்கு புரோட்டீன், மூன்று பங்கு மாவுச்சத்து, சரியான அளவில் கலந்து குடிக்கிறேன். இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கிறது.