பிடியரிசி டப்பா

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. ஏழு வயதுப் பிள்ளை, இடுப்பில் தூக்குகிற வயதில்லை. காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, தெரியாது. ஏடன் துறைமுகத்துக்குப் போகிற சாலை. இரண்டாயிரத்துப் பதினைந்து, பங்குனி மாதம். விடிந்துவிட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை. பின்னால் ஒரு சீழ்க்கைச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் மோசம். அப்புறம் தொம். வாயெல்லாம் மண்.

"கிடக்கு! கிடக்கு!" படுக்கச் சொல்லி யாரோ மலையாளத்தில் கத்தினான். படுத்தேன். பிள்ளை மேல் படுத்தேன்.

எனக்குக் கீழே கலகலவென்று ஒரு சத்தம். பிள்ளை கையில் பால்பவுடர் டப்பா. உள்ளே ஒரு பிடி அரிசி.

"தூக்கிப் போடுடா அத!"

போடவில்லை. இரண்டு கையாலும் டப்பாவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். என் கழுத்தைப் பிடிக்கவில்லை. குண்டுக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருக்கிறவள் நான், பெற்றவள். அவன் அழுவது "சித்தி, சித்தி" என்று.

அந்தச் சித்தி என் தங்கை இல்லை. செலின். என்னோடு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதுரைக்காரி என்பதால் சேர்ந்துகொண்டோம். கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை கதிரிடம் அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் லீவில் மதுரைக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சண்டை மூண்டது.

ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கு அடியில் ஒரு சாமான் அறை. அதில் மூன்று பேரும் இருந்தோம். கரண்ட் இல்லை. தண்ணீர் அளந்துதான். மூட்டையில் அரிசி கால்வாசி. மேலே விமானம் போகும்போது சுவரில் சுண்ணாம்பு உதிரும். அதை ஊதிவிட்டுச் சோறு தின்றோம்.

முதல் நாளே பார்த்தேன். செலின் உலைக்கு அரிசி அளந்தாள். அளந்ததில் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள்.

"என்னடி அது?"

"பிடியரிசிக்கா. கோயிலுக்கு எடுத்து வைப்போம்ல, அது."

"இங்க எந்தக் கோயிலுக்குடி கொண்டுபோய்க் கொடுப்ப?"

"எங்க அப்பா கோயிலுக்கு மட்டும்னு சொல்லல. இல்லாதவங்களுக்குன்னாரு."

அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். மகளுக்கு வீடு வைக்கவில்லை, நகை வைக்கவில்லை. இந்த ஒரு பழக்கத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். என் அப்பா எனக்குத் திருப்பரங்குன்றத்தில் வீட்டுமனை வைத்தார். கூடவே அவர் கோபத்தையும். அந்த அறையில் மனை எதற்கு ஆகும்? கோபம் இருந்தது. கத்தினேன். என் பிள்ளை வாயில் போக வேண்டிய அரிசி என்றேன்.

செலின் திருப்பிக் கத்தவில்லை. எனக்கு அது இன்னும் எரிந்தது. "சரிக்கா, என் கை பெருசுதான். கதிர் கையால எடுப்போம்" என்றாள். பிள்ளையைக் கூப்பிட்டாள். அவன் சின்னக் கையை அரிசியில் விட்டு அள்ளி டப்பாவில் போட்டான். அவளைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளையில் பாதி அன்றைக்குத்தான் என்னைவிட்டுப் போயிற்று. பிரித்தது குண்டு அல்ல, அந்தச் சின்னக் கை.

எதிர்ச் சந்தில் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சாலே இருந்தார், அந்த ஊர்க்காரர். செத்துப்போன மகளின் குழந்தைகள் இரண்டு அவரிடம். கடை எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். சத்தம் ஓய்ந்திருந்தது. செலின் டப்பா அரிசியைத் துணியில் கொட்டி முடிந்தாள். காலி டப்பாவைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"வச்சுக்கடா. நாளைக்குப் போடணும்ல. இந்தா, போய்ட்டு வாரேன்."

"போகாதடி" என்றேன். ஒரு தரம் சொன்னேன். போய்விட்டாள்.

சீழ்க்கை. ஒன்றுமில்லாத நேரம். தொம்.

நான்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்துக்கு நடுவில் கிடந்தாள், முகம் எங்கள் வாசல் பக்கம். கையில் துணி இல்லை. கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சாலே அவர் வீட்டு வாசலில் கிடந்தார். உள்ளே குழந்தைகளின் அழுகுரல் கேட்டது. அடுத்த சீழ்க்கை வந்தது. நான் திரும்பி ஓடிவந்துவிட்டேன். எனக்கு என் பிள்ளை இருந்தான்.

நம் ஆட்களை ஏற்றிப்போக இந்தியக் கப்பல் வந்த செய்தி மறுநாள் கிடைத்தது. கிளம்பும்போது கதிர் மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டான். அந்த அரிசிதான் சாலையில் எனக்குக் கீழே கலகலத்தது. படகில் ஏறிக் கப்பல், கப்பலில் ஜிபூட்டி, அங்கிருந்து விமானம். டப்பாவோடு மதுரை வந்து சேர்ந்தான்.

இப்போது மதுரையில், தறி ஓடுகிற செல்லூரில் இருக்கிறோம். தறிச் சத்தம் நின்றால் இன்றைக்கும் அடுத்த தொம்முக்குக் காத்திருப்பேன். அமைதி எனக்கு ஆகாது. கதிருக்குப் பதினெட்டு வயது. அந்த ஓட்டம் அவனுக்கு ஞாபகம் இல்லை. என் முதுகு ஞாபகம் இல்லை. செலின் ஞாபகம் இருக்கிறது. தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி. இப்போது அவன் கை என் கையைவிடப் பெரியது. சேர்ந்த அரிசி சனிக்கிழமைதோறும் பக்கத்துச் சந்து முருகேசன் வீட்டுக்குப் போகும். தறியில் கை சிதைந்த மனிதர்.

மகா சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடக் கூட்டிப்போகிறேன். வருகிறான். நிற்கிறான். திருநீறு பூசச் சொன்னால் பூசுகிறான். அம்புட்டுத்தான். முருகேசன் பெண்சாதி ஒருநாள் கேட்டாள், "யார்ட்ட தம்பி படிச்ச இத?"

"எங்க சித்திட்ட."

நான் பக்கத்தில் நிற்கிறேன்.

போன மாதம் அவனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. நர்சிங். அதுவும் நான் சொல்லி இல்லை. பெட்டி கட்டும்போது டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"நான் போனப்புறம் நீ போடுறியாம்மா?"

"மாட்டேன். அவ அப்பன் வச்சுட்டுப் போனத நான் எதுக்குடா தூக்கிச் சுமக்கணும்?"

"சரிம்மா." அவளை மாதிரியே. கத்தவில்லை.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "செத்தவகூட என்னடி போட்டி ஒனக்கு?"

போட்டிதான். உயிரோடு இருந்திருந்தால் முடியைப் பிடித்துக் கேட்டிருப்பேன். செத்தவளை என்ன செய்வது? நல்லவளாகவே இருந்துகொண்டிருக்கிறாள். வயதுகூட ஆகவில்லை.

அவன் ஊருக்குப் போன வாரம் நான் டப்பாவைத் தொடவில்லை. சனிக்கிழமை முருகேசன் பெண்சாதி பையோடு வந்தாள். டப்பா காலி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஊர்ல போய்ச் சேந்ததும் போன் போட்டுச்சு தம்பி. அம்மா தருவாங்கன்னு சொல்லுச்சு. நான் கேக்கவே இல்லக்கா, அதாவே சொல்லுச்சு."

மாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நான் தருவேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறான். மூட்டையிலிருந்து அள்ளிப் பை நிறையப் போட்டேன். அவள் போதும் போதும் என்றாள்.

மறுநாளிலிருந்து போடுகிறேன். இரண்டு பிடி. ஒன்று செலின் கணக்கு. ஒன்று என் கணக்கு. என்னுடையதை அழுத்தி அள்ளுகிறேன்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். செலின், ஒருத்தி. எங்கே புதைத்தார்கள், தெரியாது. சாலே, ஒருவர். குழந்தைகள் இரண்டு பேரும் என்ன ஆனார்கள், தெரியாது. என் செருப்பு. என் நர்ஸ் வேலை, திரும்பப் போகவே இல்லை. நான் பெற்ற பிள்ளையில் பாதி.

மீதிப் பாதியை விடுவதாக இல்லை.