டீமேக்கர் குனிஞ்ச கம்பிரசர்

பால் போடாட்டியும் சாயத்தண்ணி நல்லா இருக்கு, சார்ஜன்ட் ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க போல. எங்க தோட்டத்து ஸ்டோர்ல இவ்வளவு தேயிலை மெசின்ல அரைச்சும் எங்களுக்கு வாய்க்கிறது தூசித்தூள்தான்.

நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டினீங்க. பலாபத்வல தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நடராஜா, ஆயுத பூசை அன்னைக்குக் காலையில காத்தாடியில மாட்டி விபத்துல செத்தாரு. சாட்சி, மெக்கானிக் அழகமுத்து. சாட்சி நான்தான். ஆனா கையெழுத்துப் போட முடியாது. அதுல ரெண்டு பிழை இருக்கு. மொதலாவது, அது காத்தாடி இல்ல, கம்பிரசர்.

நான் கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல மூணு வருஷம் ஜெட் விமான என்ஜின் தொடைச்சவன். வெள்ளைக்காரத் தொரை ஒருத்தரு ஒரு நாள் தொறந்து காட்டினாரு. மொதச் சக்கரம் சுத்திக் காத்தப் பின்னால தள்ளும். தள்ளின காத்து கோணிக்கிட்டுப் போகும். அதுக்குப் பின்னால அசையாம நிக்கிற தகடு வரிசை அத நேராக்கும்; வேகம் கொறைஞ்சு அழுத்தம் ஏறும். பொறகு அடுத்த சக்கரம், அடுத்த தகடு. போகப் போகப் பாதை ஒடுங்கும். அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்றாங்களே, அதான் சங்கதி. கடைசி வரிசையத் தாண்டி நெருப்புக்குப் போறப்ப காத்து இறுகிப் போயிருக்கும். ஆனா வாய் அடைச்சா மட்டும் தாங்காது, காத்து திரும்பி மூஞ்சியிலயே அடிக்கும்னாரு.

அந்த வேலை போன பொறகு தோட்டத்துக்கு வந்தேன். கொழுந்து வாட்ட ஒரு கெழட்டுக் காத்தாடி வச்சிருந்தாங்க. தார் பீப்பாவும் கூரைத் தகரமும் வச்சு ரெண்டு வருஷத்துல ஏழு வரிசை கம்பிரசர் செஞ்சேன். மொத நாளே மாடியில வாடப் போட்டிருந்த கொழுந்து பூராவும் எழும்பிப் பறந்து, யாழ்ப்பாணம் போற பஸ் ஜன்னலுக்குள்ள விழுந்திச்சு. எவனாவது பாராட்டினானா? சிரிச்சானுங்க.

நடராஜா ஐயா தங்கமான மனுசன். என் பொஞ்சாதி காய்ச்சல்ல கெடந்தப்ப மாத்தளை ஆசுபத்திரிக்கு அவருதான் கூட்டிக்கிட்டு ஓடினாரு. ஆனா பூசைக்கு மொத நாள் சொன்னாரு: "அழகமுத்து, பூசை முடிஞ்சதும் ஒன் காத்தாடியக் கழட்டிட்டுப் பழசப் பூட்டு. தகரத்தக் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்க." கோழிக்கூட்டுக்கு, ஐயா.

எங்க ஸ்டோர்ல ஆயுத பூசைன்னா எல்லா மெசினுக்கும் சந்தனம், குங்குமம். மொத மரியாதை டீமேக்கருக்கு. சால்வை போத்தி, அவரு கையாலதான் சூடம் காட்டணும். தேங்காய் ஒடைச்ச பொறகுதான் மெசின ஓட விடுவோம். கம்பிரசர் வாய்ல இருந்த கம்பி வலைய நான் விடியவே கழட்டிட்டேன். சாமி மொகத்துக்கு வலை போடுவாங்களான்னு கேட்டேன், எல்லாரும் சரிதான்னாங்க.

சால்வைய நான்தான் போத்தினேன். நழுவிரும்னு கழுத்துல ரெண்டு முடிச்சும் போட்டேன். "என்னடா, மாப்பிள்ளைக்குக் கட்டுற மாதிரி கட்டுற" ன்னு சிரிச்சாரு. "குனிஞ்சு உள்ளுக்குக் காட்டுங்கய்யா, சாமி உள்ளதான இருக்கு" ன்னேன். பாவம், நல்லாக் குனிஞ்சாரு. தேங்காய் ஒடைக்க நின்ன பொன்னையா கையில அது இன்னும் முழுசாத்தான் இருந்திச்சு. என்ஜின் அடுத்த ரூம்ல ஓடிக்கிட்டிருந்திச்சு. நான் பெல்ட்ட சும்மா சுத்துற சக்கரத்துல இருந்து கம்பிரசர் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

சால்வை மொதல்ல உள்ள போச்சு, அதோட அவரும். வாய் அடைச்சதும் காத்து திரும்பி டமார்னு அடிச்சிச்சு, தொரை சொன்ன மாதிரியே. எனக்கு அப்ப ஒரு சந்தோசம் வந்திச்சு. பொய் சொல்லல.

இப்ப ரெண்டாவது பிழை வெளங்கியிருக்கும். விபத்துங்கிற எடத்துல என் பேர எழுதிக்கோங்க. கொன்னது நான்தான்.

நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல, ஐயா. துக்க வீட்டுக்கும் போனேன். அவரு சம்சாரம் கமலாட்சி அக்கா தரையில விழுந்து கெடந்தாங்க. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லணுமேன்னு பக்கத்துல ஒக்காந்தேன். "அழாதீங்கக்கா, நான் கம்பிரசரத் தொறந்து பாத்துட்டேன். ஏழு வரிசையிலயும் ஒரு தகடுகூட வளையல" ன்னு சொன்னேன். அதக் கேட்டுட்டு அவங்க ஏன் இன்னும் கூடுதலா அழுதாங்கன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.