பதில் சொல்லாத ஒரு ஆள்

சுந்தரி: லேப்டாப்ப மூடு பானு. சாரல் உள்ள வரைக்கும் தெறிக்குது. டீயும் ஆறிட்டு.

பானு: இன்னொரு தடவ படிச்சிக்கிடுதேன்... மாறிருக்குமான்னு.

சுந்தரி: லைசன்ஸ் என்ன வெயிலா மழையா, மாறுறதுக்கு?

பானு: நம்ம புரோகிராம வாங்க வந்த கம்பெனியோட வக்கீலம்மா முடிவா என்னதான் சொன்னா?

சுந்தரி: சொன்னதத்தான் சொன்னா. எனக்குப் புரிஞ்சத சொல்லுதேன்... அருவியில குளிக்கக் காசு கேக்கானா? இல்ல. ஆனா சோப்பு போடாதன்னு போர்டு வச்சிருக்கான்லா. ஊரான் எழுதி வச்ச கோட நம்ம புரோகிராம்ல சேத்துக்கிடுதோமே, அந்த லைப்ரரியும் அப்படித்தான். சும்மா எடுத்துக்கிடலாம், ஆனா...

பானு: நிபந்தனை இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும். நம்ம கம்ப்யூட்டர்ல நாமளே ஓட்டிக்கிட்டிருந்த வரைக்கும் ஒருத்தனும் வந்து கேக்கல.

சுந்தரி: இப்ப அருவி வெள்ளத்துக்கு எச்சரிக்கை குடுக்குத நம்ம புரோகிராம் கைமாறப் போகுதே. கைமாறும்போதுதான் சட்டம் வாயத் திறக்கும். கேமரா படத்தப் பாத்து தண்ணி ஏறுதான்னு சொல்லுத லைப்ரரி இருக்குல்லா... என்னைச் சேத்தா முழு புரோகிராமையும் ஊருக்குத் திறந்து குடு, வேற எந்த நிபந்தனையும் கூடச் சேக்காதங்குது. போனுக்கு எச்சரிக்கை அனுப்புத லைப்ரரி, தன் பங்குக்குத் தனியா ஒரு நிபந்தனை வச்சிருக்கு.

பானு: ரெண்டும் நல்ல பிள்ளைங்கதான். ஒரே பெஞ்சுல உக்காராது.

சுந்தரி: சிரிக்காத.

பானு: எங்க சிரிக்கேன்... களைப்புல வாய் அப்படிப் போகுது.

சுந்தரி: போன் லைப்ரரிய மாத்திக்கிடலாம், அது லேசு. படம் பாக்குததுதான் தலவலி. அது இருந்தா கம்பெனிக்காரன் வாங்கவே மாட்டான். ஊருக்கே திறந்து குடுக்கணும்னா நான் எதுக்கு வாங்கணும்பான்.

பானு: பதில் எப்பம் சொல்லணும்?

சுந்தரி: சாயங்காலத்துக்குள்ள. சரின்னா புரோகிராமோட நாம ரெண்டு பேரும் சென்னைக்கு, வேலையோட. இல்லன்னா...

பானு: இல்லன்னா தென்காசி மாடி ரூமு. கீழ புரோட்டாக் கடை சத்தம்.

சுந்தரி: அதக் கேட்டுக் கேட்டு என் காதே போயிட்டு.

பானு: வாங்கி என்ன செய்வானாம்?

சுந்தரி: தெரியாத மாதிரி கேக்க. ரிசார்ட்டுகளுக்கு விப்பான்.

பானு: அப்ப இங்கன கடை போட்டுருக்க ஆளுவ? ஆட்டோக்காரங்க? இப்பம் அவங்க போனுக்கெல்லாம் எச்சரிக்கை சும்மா போகுதே.

சுந்தரி: கேட்டேன். பாப்போம்னான்.

பானு: பாப்போம்னா இல்லன்னு அர்த்தம்.

சுந்தரி: ஒரு வழி இருக்கு. அந்த லைப்ரரி எழுதின போர்ச்சுகல்காரர் லைசன்ஸ மாத்தித் தாரேங்கார். ஆனா அதுல அவர்கூடச் சேந்து எழுதின எல்லாரும் சம்மதிக்கணும். அவங்கவங்க எழுதினது அவங்கவங்களுக்குச் சொந்தமாம்.

பானு: எல்லாரும் எங்க சம்மதிக்க...

சுந்தரி: சம்மதிச்சிட்டாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் பதில் சொல்லல.

பானு: ...செத்துப் போயிருக்கும்.

சுந்தரி: வாயக் கழுவு. அந்த ஆள் எழுதினது கொஞ்ச வரிதான். அத எடுத்துட்டா என்ன?

பானு: எடுத்தா, செம்மண் தண்ணி வரும்போது அதப் பாறைன்னு நெனச்சுக்கிடும். வெள்ளம் வருதுன்னே சொல்லாது.

சுந்தரி: அந்த ஆள் எழுதினது எதுன்னு நான் சொல்லவே இல்லையே.

பானு: ...கோடப் பாத்தாத் தெரியும்லா.

சுந்தரி: சரி. நாம புதுசா எழுதிருவோம்.

பானு: எழுதலாம். சரியா வேலை செய்யுதான்னு பாக்க காட்டுல இருந்து செம்மண் தண்ணி வரணும். ஐப்பசி வரைக்கும் காத்திருப்பானா உன் கம்பெனிக்காரன்?

சுந்தரி: எந்த வழியச் சொன்னாலும் ஒரு பூட்டு வச்சிருக்க.

பானு: உள்ளதத்தான சொல்லுதேன்.

சுந்தரி: உனக்கு வரணும்னு இருக்கா, இல்லையா?

பானு: ஜித்தாவுக்குப் போன் போட்டு என் மாப்பிள்ளைகிட்டயே சென்னைக்குப் போறேன்னு சொல்லிட்டேன். சந்தோசப்பட்டாரு. மாமியும் ஒண்ணும் சொல்லல.

சுந்தரி: நான் உன்னைக் கேட்டேன்.

பானு: ...இந்தச் சிப்ஸ் நமத்துட்டு.

சுந்தரி: பானு.

பானு: போன ஐப்பசியில திடீர்னு தண்ணி ஏறுச்சுல்லா... பஜ்ஜி போடுத ராபியா போனப் பாத்துட்டுதான் சத்தம் போட்டா. கீழ நின்ன அத்தன பேரும் கரையேறுனாங்க. ரிசார்ட்டுக்காரன் ஒருத்தனும் அங்கன இல்ல. ராபியாதான் இருந்தா. அவ போனுக்கு இனிமே வராதுன்னா... எனக்கு முடியல சுந்தரி.

சுந்தரி: இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா.

பானு: எப்படிச் சொல்ல? அந்தக் கம்பெனிக்காரன் பின்னாலயே அலைஞ்சது நீ. இந்த ஊர விட்டு ஒரு நாளாவது கிளம்பணும்னு நீ கெடந்து தவிக்கது எனக்குத் தெரியாதா...

சுந்தரி: அப்ப வேற என்ன மறைக்க? அதையும் சொல்லிரு.

பானு: பதில் சொல்லாத அந்த ஆள் நான்தான். காலேஜ் முடிச்ச புதுசுல வீட்டுல சும்மா இருக்கும்போது எழுதி அனுப்புனது. சொந்தப் பேரப் போடக் கூச்சம், வேற பேர்ல அனுப்பிட்டேன். அவர் மெயில் வந்து அப்படியே கெடக்கு. சரின்னு ஒரு வார்த்தை எழுத எனக்குக் கை வரல... திட்டணும்னா திட்டிக்கோ.

சுந்தரி: உலகத்துல வேற எவ உக்காந்து செம்மண் தண்ணிக்குக் கோடு எழுதுவா? அதப் படிச்ச அன்னைக்கே தெரியும்ட்டி. நீயா வாயத் திறந்து சொல்லணும்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்... சாயங்காலத்துக்குள்ளன்னு உன்கிட்ட சும்மா சொன்னேன், கம்பெனிக்கு நேத்தே சொல்லிட்டேன். புரோகிராம் வராது, நான் மட்டும் வேலைக்கு வாரேன்னு. சரின்னுட்டான். திங்கக்கிழமை பொதிகை ரயில்ல சென்னைக்கு டிக்கெட் போட்டாச்சு.